வேலை கிடைத்தால் போதுமா? இடம் கிடைக்க வேண்டாமா?

(தொழிலாளர் குடும்பங்களுக்கான ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களும் படித்துப் பயன்பெற இங்கே தருகிறோம்.)



நான் மேடைப் பேச்சாளர் அல்ல. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா பால் வெட்டினார், அப்பா லோரியில் ஏறி இறங்கினார். நான் 1985-இல் தொழிற்சாலை பஸ் ஏறினேன். 28 ஆண்டுகள் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து 2013-இல் வெளியே வந்தேன். எந்தத் தொழிற்சாலை என்று சொல்லப் போவதில்லை. ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயம் அந்த ஒரு தொழிற்சாலையில் மட்டும் நடந்தது அல்ல.

இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு, "வேலையிடத்தில் நாமும் ஒருவர் என்ற உணர்வு". பெரிய கம்பெனிகளில் இதற்குத் தனி அதிகாரி வைத்திருக்கிறார்களாம், கூட்டம் போடுகிறார்களாம். நல்லதுதான். ஆனால் இது புதிய விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் தாத்தாக்கள் இதைக் கேட்டு உயிரையே கொடுத்திருக்கிறார்கள்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டில் நாம்தான் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு, நோயாளிக்கு மருந்து, பெண்களுக்குப் பாதுகாப்பு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அந்தக் கோரிக்கைகளோடு இன்னொன்றையும் வைத்தார்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் போகும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அரை வயிற்றுக் கஞ்சி குடித்த மனிதர்கள் அவர்கள். கூலியை மட்டும் கேட்டிருக்கலாம். ஆனால் எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். கூலி வயிற்றுக்கு, இது மனிதனுக்கு! அதற்குக் கிடைத்த பதில் என்ன? தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இன்று யாரும் நம்மை மோட்டாரை விட்டு இறங்கச் சொல்வதில்லை. அப்படியானால் அந்த வழக்கம் ஒழிந்துவிட்டதா? நீங்கள் வேலை செய்யும் இடத்தை நினைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கு மனத்திற்குள் பதில் சொல்லுங்கள்.

உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கிறார்களா, அல்லது வேறு ஏதாவது பட்டப்பெயரா? காலையில் வேலை பற்றி விளக்கும்போது உங்களுக்குத் தெரிந்த மொழியில் பேசுகிறார்களா, அல்லது பேசி முடித்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்களா? மேல்பதவி காலியானது உங்களுக்கு எப்போது தெரிகிறது, விண்ணப்பம் போடும் முன்பா, ஆள் எடுத்த பிறகா? சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் போய் உட்கார்ந்தால் அந்த மேசையில் பேச்சு தொடர்கிறதா, நின்றுவிடுகிறதா?

தீபாவளிக்கு வாசலில் கோலம் போடுகிறார்கள், முறுக்கு வைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. முறுக்கு சுட்டுக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் நம் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, மீதி நாட்களில் நம் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத இடத்தில் நாம் விருந்தாளிதானே தவிர வீட்டு ஆள் அல்ல.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குப் பெருமை இல்லை.

1998-இல் என்னை லைன் லீடராகப் போட்டார்கள். பதின்மூன்று ஆண்டு காத்திருந்து கிடைத்த பதவி. அதற்குள் நான் வேலை கற்றுக்கொடுத்த எத்தனையோ பேர் எனக்கு மேலே போய்விட்டார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 18 வயதுப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். தமிழ்ப்பள்ளியில் படித்தவள். மலாய் திக்கித் திக்கிப் பேசுவாள். ஆனால் கை சுத்தம், வேலை சுத்தம். கொஞ்சம் கறுப்பு. இரண்டாம் வாரமே யாரோ அவளை "ஹித்தாம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு லைன் முழுதும் அதுவே பெயராகிவிட்டது. கூப்பிட்டவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். நம்மவர்களும் இருந்தார்கள்.

நான் கூப்பிடவில்லை. ஆனால் சிரித்தேன். இப்போதுதான் எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது, இவளுக்காகப் பேசி அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். "விளையாட்டுக்குத்தான் சொல்றாங்க, கண்டுக்காதே" என்று அவளுக்கே புத்தி சொன்னேன். அவளும் தலையாட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டு, லாக்கர் பக்கத்தில் நின்றபடியே டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். அதையும் பார்த்தேன். மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. கார்டை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டார்கள். "இந்தியப் பிள்ளைங்க நிலைச்சு நிக்க மாட்டாங்க" என்று ஆபிஸில் சொன்னார்கள். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் திருவிழாவில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நம்ம புள்ள ஒருத்தி அங்க பெரிய வேலையில இருக்கா, பாத்துக்குவான்னு நம்பித்தாம்மா அனுப்புனோம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அடுத்த சந்நிதிக்குப் போகக் கால் வரவில்லை.

சகோதர சகோதரிகளே, அந்தப் பெண் ஏன் நிற்கவில்லை? சம்பளம் குறைவு என்பதாலா? எல்லாருக்கும் அதே சம்பளம்தான். வேலை கடினம் என்பதாலா? தோட்டத்து வெயிலில் வளர்ந்தவளுக்கு அது கடினமே இல்லை. நின்று சாப்பிட வேண்டியிருந்த இடத்தில் ஒரு மனுஷி எத்தனை நாள் இருப்பாள்? அவளை நிறுத்தி வைக்க ஒரு காசு செலவில்லை. "அவளுக்குப் பெயர் இருக்கிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தால் போதும்.

முதலாளிமார்களும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கை பழகிய ஆள் போய்விட்டால் புது ஆளுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குள் சரக்கு கெடும், நேரம் போகும். ஒட்டாமல் இருப்பவன் இயந்திரத்தில் தப்பு கண்டால்கூட "நமக்கு ஏன் வம்பு" என்று இருந்துவிடுவான். தன் இடம் என்று நினைப்பவன்தான் ஓடி வந்து சொல்வான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதலில் தெரிந்துகொள்வோம். தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரிய 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலிருந்து முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தீபாவளி விடுமுறை. தனியார் கம்பெனிகள் ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். அதில் 5 நாட்கள் கட்டாயம்: தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம். மீதி 6 நாட்களை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். அந்த ஐந்தில் தீபாவளி இல்லை என்பதைக் கவனியுங்கள்! தேர்ந்தெடுத்த 6 நாட்களையும் ஆண்டு பிறக்கும் முன்பே வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அக்டோபரில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. டிசம்பரிலேயே அந்த நோட்டீசைப் போய்ப் பாருங்கள். தீபாவளி இல்லையென்றால் அப்போதே கேளுங்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் நாளை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

அந்தப் பட்டியலில் உள்ள நாளில் வேலைக்கு அழைத்தால், மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாதவருக்கு அன்றைய விடுமுறைச் சம்பளத்தோடு இன்னும் இரண்டு நாள் சம்பளம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, இது நம் பக்கத்துத் தப்பு. விடுமுறைக்கு முதல் நாளோ மறுநாளோ சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், தகுந்த காரணம் இல்லாத பட்சத்தில் அந்த விடுமுறைச் சம்பளமே போய்விடும். தீபாவளிக்கு மறுநாள் வேண்டுமென்றால் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, பாகுபாடு. 1.1.2023 முதல் இந்தச் சட்டத்தில் 69F என்ற புதிய பிரிவு நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு காட்டப்படுவதாகத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் அதை விசாரித்து உத்தரவு போடலாம். அந்த உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. இது வருவதற்கு முன்பு நம்மிடம் இருந்தது அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு. அது பொது அதிகார அமைப்புகளின் வேலை நியமனத்தில் இனம், மதம், பாலினம் என்ற ஒரே காரணத்திற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அரசியலமைப்பே அனுமதித்தவை நீங்கலாக. தனியார் கம்பெனிக்கு எதிராக அது எட்டவில்லை. ஆகவே 69F நமக்கு ஒரு புதிய கதவு.

ஆனால் அந்தக் கதவின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் விளக்கிச் சொல்லவில்லை. மேலும் அது வேலையில் இருப்பவருக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராறுக்குத்தான். வேலை கேட்டுப் போன பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அதற்கும் சட்டம் வேண்டும் என்று நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, வேலை நீக்கம். காரணமில்லாமல் நீக்கினால் 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். வற்புறுத்தி ராஜினாமா எழுதி வாங்கினாலும் அங்கே போய்ச் சொல்லலாம். ஆனால் 60 நாள் என்றால் 60 நாள்தான். "தீபாவளி முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இருந்தால் உரிமை போய்விடும்.

நான்காவது, பெண்களுக்கு. பாலியல் தொந்தரவு பற்றிய விழிப்புணர்வு நோட்டீசை வேலையிடத்தில் ஒட்டி வைப்பது முதலாளியின் கடமை. உங்கள் சுவரில் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

இனி, இதையெல்லாம் எப்படிக் கேட்பது? நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆறு மாதம் பொறுத்துக்கொள்வோம். ஏழாம் மாதம் கோபம் வரும். கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு வந்துவிடுவோம். அன்று இரவு ரோஷக்காரன் என்று நாலு பேர் பாராட்டுவார்கள். மறுமாதம் வீட்டு வாடகைக்கு அந்த நாலு பேரும் வர மாட்டார்கள். எதிராளிக்கோ ஒரு தொல்லை விட்டது.

கோபத்தைக் காகிதத்தில் வையுங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி, என்ன நடந்தது, என்ன தேதி, எத்தனை மணி, என்ன வார்த்தை சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். பிறகு கடிதமாக எழுதிக் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். எழுத வராவிட்டால் இன்று படித்த பிள்ளை இல்லாத வீடு ஏது? தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். தொழிற்சங்கம் இருந்தால் சேருங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை ஒதுக்குவதைச் சட்டம் தடை செய்கிறது. நம் பிரச்சினை என்று நினைப்பது பல சமயம் எல்லார் பிரச்சினையும்தான். பதவி காலியானதை நோட்டீஸ் போட்டு அறிவியுங்கள் என்று கேட்டால், அது பக்கத்தில் நிற்கும் மலாய்க்கார அக்காவுக்கும் சீன அண்ணனுக்கும் உதவும். அவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். கேட்டுத்தான் பாருங்களேன்!

கடைசியாக ஒன்று. இது சிலருக்குக் கசக்கலாம்.

நாம் பிறந்த லயன் வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள்? பல தோட்டங்களில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் நமக்குப் பக்கத்தில் நேப்பாளத்துத் தம்பி நிற்கிறான். அவனை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? பெயர் தெரியுமா நமக்கு? "பங்களா, இங்க வா" என்கிறோம். நம் பாட்டனைக் "கூலி" என்று கூப்பிட்டவனும் அப்படித்தான் பெயர் கேட்காமல் கூப்பிட்டான். கடன் வாங்கிக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கடன் வாங்கி விமானம் ஏறி வந்தவனைப் பார்த்து நாம் சிரிக்கலாமா? சம்பளத்தைக் குறைக்க முதலாளி அவனைப் பயன்படுத்தினால் நம் வழக்கு முதலாளியோடு, அவனோடு அல்ல. நம்மில் இன்று சூப்பர்வைசராக இருப்பவர்கள், குத்தகை எடுத்து நாலு பேருக்கு வேலை கொடுப்பவர்கள், இதை உங்களுக்கென்றே சொல்கிறேன். சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றவர்களின் வாரிசு, இன்னொருவனை இறங்கச் சொல்லக்கூடாது.

பெற்றோர்களே, பிள்ளை முதல் மாதம் வேலைக்குப் போய்விட்டு வந்தால் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இன்னைக்கு யாரோட உக்காந்து சாப்பிட்ட?" பதில் வரத் தாமதமானால், போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள்.

உங்களில் ஏற்கெனவே ஓர் இடத்தில் வேரூன்றி இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். நாளைக் காலை உங்கள் வேலையிடத்தில் புதிதாக வந்த ஆள் ஒருவர் இருப்பார். எந்த இனமாகவும் இருக்கட்டும், எந்த நாடாகவும் இருக்கட்டும். அவருடைய பெயரைக் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். 1998-இல் நான் செய்யாமல் விட்டது அதுதான்.